கண்ணாடியில் ஒற்றை விளக்கு

அல்வானி தாண்டியதும் தார் முடிந்துவிட்டது.
பேச்சு அதற்கும் முன்பே.

காலையில் பெட்ரோல் பங்கில்
நனூலி என் வண்டிச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்து
"காய்ந்து கிடக்கிறது" என்றாள்.
"உன் வேலையைப் பார்" என்றேன்.
சங்கிலிக்கான சண்டை இல்லை அது,
இருவருக்கும் தெரியும்.
மார்ச் மாதம் என் கடைக்கு அவள் வாங்கிக் கொடுத்த கடன்,
தவறிய இரண்டு தவணை,
போனில் அவள் கணவன் விட்ட ஒரு வார்த்தை.
எல்லாவற்றையும் ஆளுக்குப் பாதியாய்
ஹெல்மெட்டுக்குள் அடைத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஸ்தோரி ஆற்றைக் கீழே விட்டுவிட்டு
பாதை ஏறுகிறது.
ஒரு பக்கம் ஈரப் பாறை.
மறு பக்கம் என்று ஒன்று கிடையாது.
முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல்.
குறுக்கே விழும் அருவியில் பின்சக்கரம்
ஒரு நொடி யார் பேச்சையும் கேட்காமல் போய்
மனம் மாறித் திரும்பியது.

நான் முன்னால்.
இடது கண்ணாடியில் அவள் விளக்கு:
வளைவில் அணையும், நிமிர்ந்ததும் எரியும்.
கோபத்திலும் எண்ணிக்கொண்டுதான் போனேன்.
ஒன்று, இரண்டு, மூன்று. வந்துவிட்டாள்.
ஒன்று, இரண்டு. வந்துவிட்டாள்.

திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கறுப்புக் கல்.
கல்லில் செதுக்கிய முகம், பிறந்த ஆண்டு, மற்ற ஆண்டு.
பக்கத்தில் தகரக் கூரை, பெஞ்சு,
கவிழ்த்த கிளாஸ், பாதி பாட்டில் சாச்சா.
போகிறவர்கள் இறங்கி, பெயரைப் படித்து,
ஒரு வாய் குடிக்கலாம்.
நாங்கள் உதட்டை மட்டும் நனைப்போம், ஓட்ட வேண்டுமே.
இந்த முறை நிறுத்தவில்லை.
நின்றால் பேச வேண்டிவரும்.

மேகத்துக்குள் நுழைந்தபோது
எதிரே டெலிகா வேன் ஒன்று.
பாறையோடு ஒட்டி நின்றேன்.
என் பையை உரசிக்கொண்டு இறங்கிய ஓட்டுநர்
சிகரெட் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டான்,
எனக்கா அவனுக்கா தெரியவில்லை.

பிறகு எண்ணினேன்.
ஐந்து. ஒன்பது. பதினான்கு.
முப்பதுக்குப் பிறகு என்ன எண் வரும்?

திருப்ப இடமில்லை.
என்ஜினை அணைக்காமல் வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு
கனத்த பூட்ஸோடு இறக்கத்தில் ஓடினேன்.
ஒரு திருப்பம். வெறும் சரளை.
இரண்டாவதில் கறுப்புக் கல்.
கல்லுக்குப் பக்கத்தில் பெஞ்சு,
பெஞ்சில் நனூலி.
காலடியில் காது வெட்டிய ஆட்டுநாய்,
கன்றுக்குட்டி உயரம்,
அவள் கையிலிருந்து தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தது.

"பன்றி" என்றாள். "பையில் இருந்ததை மறந்தே போனேன்.
மேலே கொண்டுபோகக் கூடாதே."
கணவாய்க்கு அப்பால் தூஷேத்தியில் பன்றி ஆகாது.
கொண்டுபோனால் ஆலங்கட்டி விழும், குதிரை நொண்டும்,
குறைந்தபட்சம் வீட்டுக்காரி கதவைத் திறக்கமாட்டாள்.
"விளக்கு?"
"ஃபியூஸ் போய்விட்டது. ஏன் இப்படி ஓடி வந்தாய்?"

மூச்சு வாங்கியது.
நாய் என்னையும் ஒருமுறை பார்த்து,
தின்ன ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டது.

"சங்கிலிக்குப் போட எண்ணெய் வைத்திருக்கிறாயா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.
கல்லில் இருந்தவன் பெயர் ஷேதே. இருபத்தாறு வயது.
பெயரை உரக்கச் சொல்லி உதட்டை நனைத்தோம்,
கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்தோம்.
கடன் அப்படியேதான் இருக்கிறது.
வட்டியும்.

மீதி ஏற்றத்துக்கு அவள் முன்னால்,
என் விளக்கு அவளுக்கும் சேர்த்து.
மேகம் அவள் முதுகைத் தின்னும், துப்பும்.
அவளும் எண்ணுவாளா?
எதுவரை?

அடுத்த வளைவுக்கு முன் ஹாரன் அடித்தாள்.
எதிரே யாருமில்லை.
நானும் அடித்தேன்.